சபையிலிருந்து சங்கத்திற்கு: திரு.வி.க.வின் தொழிலாளர் இயக்க வாழ்வும் மேடைத் தமிழும்

முன்னுரை

திரு.வி.கலியாணசுந்தரனார் (1883–1953) குறித்து எழுதப்பட்டவை பெரும்பாலும் இரு கூறாகப் பிரிந்து நிற்கின்றன. தமிழ்த்துறை ஆய்வேடுகளில் அவர் 'தமிழ்த்தென்றல்'. 'முருகன் அல்லது அழகு', 'பெண்ணின் பெருமை', 'மனித வாழ்க்கையும் காந்தியடிகளும்' முதலிய நூல்களின் ஆசிரியர். செந்தமிழ் உரைநடையை நாளிதழுக்கும் மேடைக்கும் கொண்டுவந்தவர். தொழிற்சங்க வரலாற்றாசிரியர்களுக்கோ அவர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவர். கதவடைப்பு, வேலைநிறுத்தம், உடன்பாடு ஆகியவற்றின் நடுவே வந்துபோகும் ஒரு பெயர். முன்னவர் சங்கத்தை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றனர். பின்னவர் தமிழை ஒரு தொடரில் கடந்துவிடுகின்றனர்.

இவ்விரு திரு.வி.க.வும் ஒருவரே என்பதை நினைவூட்டுவது மட்டும் இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் தொழிற்சங்க மேடைக்குக் கொண்டுசென்ற தமிழ் எங்கே பயின்ற தமிழ், அது ஆலைத் தொழிலாளரிடையே எதைச் செய்தது, எதைச் செய்ய இயலாமற்போயிற்று என்பனவே ஈண்டு எழுப்பப்படும் வினாக்கள். சைவப் பிரசங்க மரபில் உருவான சொற்பொழிவு வடிவமே சங்கத்தின் முதல் மூலதனமாக அமைந்தது என்பதும், அம்மரபின் எல்லையே 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் சங்கத்தின் எல்லையாகவும் வெளிப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இராயப்பேட்டைப் பயிற்சி

திரு.வி.க. பிறந்தது செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூர். தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மாள். வளர்ந்ததும் கற்றதும் சென்னை இராயப்பேட்டையில். வெஸ்லி பள்ளியில் பயின்றபோது அவருக்குத் தமிழாசிரியராக வாய்த்தவர் யாழ்ப்பாணத்து மேலைப் புலோலி நா. கதிரைவேற்பிள்ளை. அகராதித் தொகுப்பாளர், சைவ வாதி, சதாவதானி எனப் பலவாறு அறியப்பட்ட கதிரைவேற்பிள்ளை, இராமலிங்க அடிகளின் பாடல்கள் 'அருட்பா' அல்ல, 'மருட்பா' என வாதிட்ட அணியின் முன்னணியில் நின்றவர். அப்பூசல் நீதிமன்றம் வரை சென்றது. ஆசிரியர் பொருட்டுச் சாட்சியம் அளிக்கச் சென்றதால் மாணவராகிய திரு.வி.க. பள்ளி இறுதித் தேர்வை எழுதவில்லை. அவருடைய முறைசார் கல்வி அத்துடன் முடிந்தது.

இச்செய்தியை வாழ்க்கை வரலாறுகள் குருபக்திக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நம் நோக்கில் வேறொன்று முதன்மை பெறுகிறது. பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. கிட்டியது பிரசங்கப் பயிற்சி. 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிவைத்த சைவப் பிரசங்கம் தமிழில் ஒரு புதுவடிவம். புராண விரிவுரைபோல் ஒரு நூலைப் பற்றிக்கொண்டு செல்லாமல், ஒரு பொருளை எடுத்து, கூடியிருக்கும் பொதுமக்களை விளித்து, உரைநடையிலேயே வாதிடும் வடிவம் அது. வெஸ்லியன் மிஷன் பாதிரியாரான பெர்சிவலிடம் பணியாற்றி, கிறித்தவப் போதனையின் முறையை அருகிருந்து கண்டவர் நாவலர். தமிழ் அரசியற் சொற்பொழிவின் தோற்றத்தை ஆராய்ந்த பெர்னார்ட் பேட் இத்தொடர்பை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். நாவலர் வழிவந்த அப்பிரசங்க மரபைக் கதிரைவேற்பிள்ளை சென்னைக்குக் கொண்டுவந்தார். மற்றுமொரு வெஸ்லியன் பள்ளியின் மாணவர் அதை அவரிடமிருந்து பெற்றார்.

கதிரைவேற்பிள்ளை 1907-இல் மறைந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவரது சரித்திரமே திரு.வி.க.வின் முதல் நூல். அடுத்துப் பெரியபுராணத்திற்குக் குறிப்புரை எழுதும் பணியில் அவர் ஈடுபட்டார். ஸ்பென்சர் நிறுவனத்தில் சிலகாலம் கணக்கர் வேலை. பின்னர்த் தாம் பயின்ற வெஸ்லி நிறுவனத்திலேயே ஆசிரியப் பணி. 1917 டிசம்பர் 7 அன்று 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 34. ஆலையையோ இயந்திரத்தையோ கூலிக்கணக்கையோ அறிந்தவர் அல்லர் அவர். திருத்தொண்டர் வரலாற்றை வரிவரியாக அறிந்தவர்; ஒரு கூட்டத்தின்முன் எழுந்து நின்று பேச அறிந்தவர். ஐந்தே மாதங்களில் அவ்விரண்டும் பெரம்பூரில் தேவைப்பட்டன.

பெரம்பூரில் ஒரு பஜனைச் சபை

பின்னி நிறுவனத்தின் மேலாண்மையில் இயங்கிய பக்கிங்ஹாம் ஆலை (1876), கர்நாடிக் ஆலை (1881) ஆகிய இரண்டும் சென்னையின் மிகப்பெரிய தொழிற்கூடங்கள். முதல் உலகப்போர்க்கால விலையேற்றம், நெடிய வேலைநேரம், மேலாளரின் அடி உதை, நண்பகல் உணவுக்கு அரைமணி நேரமே இடைவேளை என்பன அங்குக் குமைந்துகொண்டிருந்த குறைகள். உணவு இடைவேளை பற்றிய குறையைச் சிறிதென ஒதுக்கலாகாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே வாயில் வழியாக வெளியேறி, உண்டு, கைகழுவி, மணி அடிப்பதற்குள் உள்ளே திரும்பவேண்டும். தாமதித்தால் வாயில் அடைபடும், ஊதியம் போகும். சங்கம் தோன்றியபின் அவ்விடைவேளை 40 நிமிடமாயிற்று. பத்து நிமிடம் என்பது சங்கத்தின் முதல் ஈட்டங்களுள் ஒன்று.

ஆலைப்பகுதியில் வணிகம் செய்துவந்த கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமாநுஜுலு நாயுடுவும் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் வைணவச் சபையை நடத்திவந்தனர். பஜனை, சமயச் சொற்பொழிவு, ஏழையர்க்குச் சிற்சில உதவிகள் என்பன அதன் பணிகள். ஆலைத் தொழிலாளர் பலர் அங்கு வந்துபோயினர்; பாசுரம் கேட்டபின் தம் துயரையும் சொல்லினர். ஆண்டு முழுவதும் அத்துயரைக் கேட்டுக் கேட்டே இருவரும் தொழிலாளர்க்கென ஓர் அமைப்பு வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தனர். 1918 மார்ச்சில் சபையின் சார்பில் கூடிய பெருங்கூட்டத்தில் திரு.வி.க. பேசினார். மேலைநாட்டுத் தொழிலாளர் இயக்கங்களை எடுத்துரைத்து, சென்னையிலும் அத்தகைய சங்கம் வேண்டுமென அவர் வற்புறுத்தினார். பின்னர்ச் செல்வபதி செட்டியாரும் நாயுடுவும் அன்னி பெசண்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' அலுவலகத்தில் பி.பி. வாடியாவைச் சந்தித்தனர். பார்சி வகுப்பினரும் பிரம்மஞான சபையினருமான வாடியா முந்தைய ஆண்டுதான் பெசண்ட் அம்மையாருடன் உதகையில் காவலில் வைக்கப்பட்டிருந்தவர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவர், செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் செயலாளர்கள்.

பம்பாயில் லோகாண்டே 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவிய ஆலைத் தொழிலாளர் அமைப்பு இதற்கு முந்தியது. தூத்துக்குடிக் கோரல் ஆலையில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்று நடத்திய 1908-ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும் முந்தியதே. ஆயினும் உறுப்பினர் பதிவு, சந்தா, நிர்வாகிகள், ஒழுங்கான கூட்டங்கள் ஆகியவற்றுடன் தொடர்ந்து இயங்கிய அமைப்பு என்ற வகையில் இந்தியாவின் முதல் தொழிற்சங்கமாகச் சென்னைத் தொழிலாளர் சங்கமே பொதுவாகக் கருதப்படுகிறது. இவ்வமைப்பு வானத்திலிருந்து விழவில்லை. கூடுதற்கு ஓரிடம், வாரந்தோறும் கூடும் பழக்கம், ஒருவர் பேசப் பலர் அமர்ந்து கேட்கும் ஒழுங்கு ஆகிய மூன்றும் சபையில் முன்பே இருந்தன. சங்கம் அவற்றின்மேல் எழுந்தது. மாறியது பொருளே, வடிவமன்று.

அதே 1918-இல் திரு.வி.க.வின் மனைவி கமலாம்பிகையார் மறைந்தார். பிறந்த இரு குழந்தைகளையும் முன்பே இழந்திருந்த அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதன்பின் அவருக்கு வீடு என்பது நாளிதழ் அலுவலகமும் மேடையுமே.

மொழிபெயர்த்த குரல்

வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. சங்கக் கூட்டங்களில் அவர் ஆங்கிலத்தில் பேசினார். தமிழாக்கிச் சொன்னவர்களுள் முதன்மையானவர் திரு.வி.க. வாடியாவின் பொழிவுகள் 1921-இல் ஆங்கில நூலாகத் தொகுக்கப்பட்டன. வரலாற்றாசிரியர்கள் இன்றும் அந்நூலையே எடுத்தாளுகின்றனர். ஆனால் பெரம்பூரில் திரண்டிருந்த தொழிலாளரின் செவிக்கு எட்டியது அந்நூலில் உள்ள சொற்கள் அல்ல. தொழிலாளர் கேட்டதும், கேட்டு ஆரவாரித்ததும், வீடு திரும்பி மனைவி மக்களிடம் சொன்னதும் திரு.வி.க.வின் தமிழ். ஆவணத்தில் நிலைத்திருக்கும் குரல் ஒன்று. நிகழ்ச்சியில் ஒலித்த குரல் மற்றொன்று. தொழிற்சங்க வரலாற்றில் தமிழறிஞர்க்கு உரிய இடம் இவ்விடைவெளியில்தான் உள்ளது என்பது என் கருத்து. ஆங்கில நூலைத் திரும்பத் தமிழில் பெயர்த்து, அதுவே அன்று பேசப்பட்டது எனக் கொள்ளும் போக்கு அண்மைக் கட்டுரைகள் சிலவற்றில் காணப்படுகிறது. அது ஏற்கத்தக்கதன்று.

எனினும் அத்தமிழின் இயல்பை அறிய வழியில்லாமல் இல்லை. 'தேசபக்தன்' கட்டுரைகளின் தொகுப்பான 'தேசபக்தாமிர்தம்', 1920 அக்டோபரில் தொடங்கிய 'நவசக்தி' இதழ், 1928-இல் வெளிவந்த 'தமிழ்த்தென்றல் அல்லது தலைமைப் பொழிவு' ஆகியவற்றில் அவருடைய மேடைநடையின் தடங்கள் உள்ளன. சிறு சிறு தொடர்கள். வினா, உடனே விடை. ஒரே சொல்லை மூன்று நான்கு முறை எடுத்தெடுத்து அடுக்கல். கேட்போரை முன்னிலையில் விளித்தல். அடுக்கு உச்சம் எய்தியதும் ஒரு நீள்தொடரில் இறக்கிவிடுதல். இவை வாதப் பிரசங்கத்தின் உத்திகள். எதிரணியாரின் கூற்றைத் தாமே எடுத்துக்கூறி அதைத் துணித்துக் காட்டும் 'தடைவிடை' முறையும் அவர் நடையில் இடையறாது வரும். அருட்பா – மருட்பா மேடைகளில் கூர்தீட்டப்பட்ட கருவி அது. பிற்காலத்தில் அவர் தம் ஆசிரியரின் அருட்பா எதிர்ப்பைக் கைவிட்டு, 1929-இல் 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' எழுதினார். ஆசிரியரின் கொள்கை கழன்றது. ஆசிரியரின் முறை கழலவில்லை.

சொல்லும் அதன் சுமையும்

சொல்லாட்சி குறித்துச் சில கூறவேண்டும். உழைப்புக்குத் தரும் ஊதியத்தைக் குறித்த 'கூலி' என்னும் சொல், கடல்கடந்த தோட்டங்களில் உழைக்கும் ஆளையே குறிக்கும் இழிபெயராக மாறியிருந்த காலம் அது. அதற்கு மாறாகத் 'தொழிலாளர்' என்னும் சொல் மேடையில் நாள்தோறும் ஒலித்தது. இச்சொல்லைத் திரு.வி.க. படைத்தார் என்பது மிகையாகும். ஆனால் ஆலைக்குள் எண்ணாலும் வசைச்சொல்லாலும் அழைக்கப்பட்டோரை ஒரு கற்றறிந்தவர் மேடைமீது நின்று பன்மை மரியாதையுடன் 'தொழிலாளர்களே' என விளித்தது சிறிய செய்தியன்று. ஆள்தல் பொருளில் வரும் 'ஆளர்' என்னும் ஈறு தொழிலுக்கு உடையவராக அவர்களை உயர்த்திற்று. நம் இலக்கணத்தில் வினையைக் குறிக்கும் பெயருக்கே 'தொழிற்பெயர்' என்று பெயரிட்டிருக்கிறோம். தொழில் செய்வோர்க்கு மதிப்புள்ள ஒரு பொதுப்பெயர் நிலைபெற இருபதாம் நூற்றாண்டு ஆகவேண்டியிருந்தது.

'சங்கம்' என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கம் நிறுவப்பட்டபின் படித்த தமிழரிடையே அச்சொல் புலவர் அவையின் பெருமிதத்தைப் பெற்றிருந்தது. ஆலைத் தொழிலாளரின் கூட்டமைப்பும் அதே பெயரைப் பெற்றது.

மூன்றாவது சொல் 'தொண்டு'. திரு.வி.க.வின் எழுத்தில் அரசியற் பணியும் தொண்டு. இதழ்ப் பணியும் தொண்டு. தொழிலாளர் பணியும் தொண்டு. 1921-இல் வெளிவந்த அவரது நூலொன்று அப்பர் தேவாரத் தொடரையே தலைப்பாகக் கொண்டது. திருத்தொண்டர் புராணத்திற்குக் குறிப்புரை கண்டவர்க்கு இஃது இயல்பே. ஆனால் இங்கே ஒரு முரண் பதுங்கியிருக்கிறது. தொண்டு என்பது பயன்கருதாப் பணி. கூலி கேட்பது தொண்டர்க்கு அழகன்று. தொழிற்சங்கமோ கூலியை உயர்த்திக் கேட்பதற்கென்றே அமைந்தது. தொண்டு என்னும் சொல் தலைவர்க்குப் பொருந்தியதுபோல் தொழிலாளர்க்குப் பொருந்தவில்லை. தலைவர் தொண்டர், தொழிலாளர் தொண்டு பெறுவோர். இப்பிளவு அமைதிக் காலத்தில் தெரியாது; பட்டினிக் காலத்தில் தெரியும்.

பேச்சே வழக்கான கதை

1920 இறுதியில் பக்கிங்ஹாம் ஆலையில் கதவடைப்பு நேர்ந்தது. டிசம்பரில் காவல்துறை சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர். அடுத்து நிறுவனம் உயர்நீதிமன்றத்தை நாடியது. தொழிலாளரைப் பணி ஒப்பந்தத்தை மீறத் தூண்டினர் என்பது வாடியா உள்ளிட்ட சங்கத்தினர்மீது சாட்டப்பட்ட குற்றம். அவ்வாறு தூண்டுவதற்கு நீதிமன்றம் தடை விதித்தது. ஈண்டு நிறுவனத்திற்கு இழைக்கப்பட்ட தீங்கு எனச் சட்டம் கண்டது எதை? கல்லெறிதலை அன்று, இயந்திரத்தை உடைத்தலை அன்று. மேடையில் நின்று பேசியதை. மேடைத் தமிழின் ஆற்றலுக்கு அக்காலத்து நிறுவனம் அளித்த நற்சான்று என்று இதனைச் சொல்லத் தோன்றுகிறது.

வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகுவதாக ஒப்புக்கொண்டதன்பேரில் வழக்கு முடிவுக்கு வந்தது. இதன் அதிர்வு சென்னையுடன் நிற்கவில்லை. 1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கோரித் தீர்மானம் கொணர்ந்தார். 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறி, 1927 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிற்தகராறின்போது பணி ஒப்பந்தத்தை மீறுமாறு பிறரைத் தூண்டினார் என்ற ஒரே காரணத்திற்காகப் பதிவுபெற்ற சங்கத்தின்மீதோ அதன் நிர்வாகிமீதோ உரிமையியல் வழக்குத் தொடரலாகாது என்கிறது அச்சட்டத்தின் 18-ஆம் பிரிவு. அப்பிரிவின் வரிகளுக்குப் பின்னால் பெரம்பூர் மேடை இருக்கிறது.

புளியந்தோப்பு, 1921

வாடியா விலகியபின் பொறுப்பின் பெரும்பகுதி திரு.வி.க.வின் மேல் விழுந்தது. 1921 கோடையில் கர்நாடிக் ஆலையில் தொடங்கிய பூசல் ஜூனில் பக்கிங்ஹாம் ஆலைக்கும் பரவி வேலைநிறுத்தமாயிற்று. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். எம்.சி. ராஜா முதலிய ஆதிதிராவிடத் தலைவர்கள் அவர்கள் வேலைநிறுத்தத்தில் சேராதிருத்தலை ஆதரித்தனர். சாதி இந்துத் தொழிலாளர்க்கும் முசுலிம் தொழிலாளர்க்கும் ஒருபுறமும், ஆதிதிராவிடர்க்கு மறுபுறமுமாகப் பகை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் மீண்டும் துப்பாக்கிச் சூடு. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார், அரசு ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டியதே கலவரத்திற்குக் காரணம் எனக் குறைகூறினார். திரு.வி.க.வை நாடுகடத்த ஆளுநர் வில்லிங்டன் எண்ணியதாகவும் தியாகராயர் தலையிட்டு அதைத் தடுத்ததாகவும் கூறப்படும் செய்தி இக்காலத்தைச் சார்ந்தது. அரசியலில் திரு.வி.க.வின் எதிரணித் தலைவர் அவர். ஆயினும் இவ்விடத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்றனர். அதுவே ஆராயத்தக்கது. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. அதன்பின் சங்கம் பல ஆண்டுகள் தலைதூக்கவில்லை.

ஆதிதிராவிடர் பிரிந்தமைக்கு நிர்வாகத்தின் பிரித்தாளும் சூழ்ச்சியே காரணம் என்பது சங்கத் தலைவர்களின் நிலைப்பாடு. சூழ்ச்சி இல்லை எனக் கூறுவதற்கில்லை. ஆனால் அவ்விளக்கம் போதாது. சில மாதங்களுக்கு முன்பே நெடிய கதவடைப்பில் கூலியிழந்த குடும்பங்கள் அவை. சாதி இந்துத் தொழிலாளர் சிலர்க்கேனும் ஊரில் நிலமோ, உறவினரோ, கடன் தரும் கடைக்காரரோ இருக்கலாம். சேரியிலிருந்து வந்தவர்க்கு ஆலைக்கூலி ஒன்றே வாழ்வு. ஊருக்குத் திரும்புதல் என்பது பண்ணையடிமைக்குத் திரும்புதல். மேலும் சங்கத்தின் மேடையில் இருந்தவர் யாவர்? முதலியார், செட்டியார், நாயுடு, பிள்ளை. சங்கம் பிறந்த இடமோ பஜனைச் சபை. சபையின் கதவு சேரிக்கு எவ்வளவு திறந்திருந்தது என்னும் வினாவை நம் தொழிற்சங்க வரலாறுகள் போதிய அளவு கேட்கவில்லை. வேலைநிறுத்தத்தை மீறிச் செல்வோரைக் குறிக்கத் தமிழில் 'கருங்காலி' என்றொரு சொல் வழங்குகிறது. வயிற்றுக்காகச் சென்றவரையும் வஞ்சகத்தால் சென்றவரையும் அச்சொல் பிரித்தறியாது.

இங்கே பெரியபுராணத்தை நினையாதிருக்க இயலவில்லை. திருநீலகண்டர் குயவர், அதிபத்தர் பரதவர், திருக்குறிப்புத்தொண்டர் வண்ணார், கலியர் எண்ணெய் வணிகர், நேசர் நெசவாளர். உழைப்போர் வரிசையை இத்துணை மதிப்புடன் பாடிய பெருநூல் தமிழில் வேறில்லை. நெசவாலை மேடையில் நின்ற ஒருவர்க்கு இதைவிடப் பொருத்தமான இலக்கியப் பின்புலம் அமையாது. ஆனால் அந்நூலிலேயே திருநாளைப்போவார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக்குள் புகுகிறார். அடியார் கூட்டத்தின் சமத்துவத்திற்கு அந்த நிபந்தனை இருந்தது. திரு.வி.க. தனிவாழ்வில் தீண்டாமையை வெறுத்தவர் என்பதில் ஐயமில்லை. அவர் எழுத்து முழுவதும் அதற்குச் சான்று. குறை தனிமனிதருடையதன்று, அவர் கையாண்ட வடிவத்தினுடையது. அன்பும் அருளும் அனைவரையும் இணைக்கும் என்று அப்பிரசங்கம் நம்பியது. யாருக்கு எத்தனை நாள் பட்டினி தாங்கும் என்ற கணக்கு அதனிடம் இல்லை. இக்கணக்கைப் பின்னாளில் முன்வைத்த சிங்காரவேலர், 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியபோது, பேசுமுறையே வேறாக இருந்தது. அவருக்கு முன்மாதிரி பிரசங்கமன்று, அறிவியல் விளக்கவுரை.

வகுப்பு வேற்றுமையை எதிர்கொள்வதில் திரு.வி.க.வுக்கிருந்த இத்தயக்கம் 1925 நவம்பரில் காஞ்சிபுரத்திலும் வெளிப்பட்டது. அங்குக் கூடிய காங்கிரசு மாகாண மாநாட்டின் தலைவர் அவர். ஈ.வெ.ரா. கொணர்ந்த வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை அவர் ஏற்க மறுத்தார். ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறினார். இருவரின் நட்பு அதனால் முறியவில்லை என்பது இருவர்க்கும் பெருமை. ஆனால் பெரம்பூரிலும் காஞ்சிபுரத்திலும் எழுந்த வினா ஒன்றே: ஒற்றுமை பேசும் அவையில் யார்க்கு எத்துணை இடம்? இரு இடத்தும் அவர் ஒற்றுமையை முன்வைத்தார். இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார்.

1944-இல் வெளியான 'வாழ்க்கைக் குறிப்புகள்' நூலைத் தொழிலாளர் வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்துவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். நிகழ்ச்சி நடந்து இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், சமரச சன்மார்க்க நெறியில் கனிந்த ஒருவர், பழம்பகைகளை ஆற்றிக்கொண்டு எழுதிய நூல் அது. ஆட்களைப் பற்றிய குறிப்புகளில் அதன் நேர்மை வியக்கத்தக்கது. பூசல்களின் காரணத்தைக் கூறுமிடங்களில், ஆவணங்களோடும் தே. வீரராகவன் போன்றோரின் பிற்கால ஆய்வுகளோடும் ஒப்பிட்டே கொள்ளுதல் வேண்டும்.

1947

இருபத்தாறு ஆண்டுகளுக்குப்பின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் மீண்டும் பெரிய வேலைநிறுத்தம். ஏறத்தாழ நூறு நாள் நீடித்தது. அப்போது சங்கத்தின் தலைவர் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பிறந்த இடதுசாரி அவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளையொருவரிடம் பாடம் கேட்டவர் தொடங்க உதவிய சங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளையொருவரின் தலைமைக்கு வந்தது தற்செயலே ஆயினும் சுவையானது. ஆட்சியில் இருந்தது காங்கிரசு அமைச்சரவை. திரு.வி.க. வாழ்நாளின் பெரும்பகுதியை எந்தக் கட்சிக்குக் கொடுத்தாரோ அதே கட்சி. அந்த ஆட்சி, கண்பார்வை குன்றிவந்த அறுபத்துமூன்று வயது முதியவரை இராயப்பேட்டை வீட்டிலேயே காவலில் வைத்தது. வெள்ளையர் ஆட்சி நாடுகடத்த எண்ணி விட்டுவிட்டவரைத் தம்மவர் ஆட்சி வீட்டுக்குள் அடைத்தது. அவரைத் தடுத்துவைக்க வேண்டியிருந்த காரணம் 1921-இல் இருந்த அதே காரணம்: அவர் பேசுவார்.

பார்வை மங்கியபின் அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். 'முதுமை உளறல்', 'படுக்கைப் பிதற்றல்' எனத் தம் நூல்களுக்கே நகைச்சுவையாகப் பெயரிட்டுக்கொண்ட காலம் அது. அக்காலத்து நூல்களுள் ஒன்று, 1951-இல் வெளிவந்த 'பொருளும் அருளும் அல்லது மார்க்ஸியமும் காந்தியமும்'. சைவ நூற்பயிற்சியில் தோய்ந்த ஒருவர் அருளை முன்னும் பொருளைப் பின்னும் வைப்பதே எதிர்பார்க்கத்தக்கது. தலைப்பில் பொருள் முன்னே நிற்கிறது. 1953 செப்டம்பர் 17 அன்று அவர் காலமானார்.